செபம் கேட்கப்படவில்லையா?

மருதமடுவில் ஆவணித் திருவிழாக் காலம். நற்கருணை ஆராதனை முடிந்து மக்கள் தத்தம் கூடாரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரவு வேளை. ஆலய முற்றத்தில் ஒரு தாய் என்னை மறித்தார். அவர் வந்தது பாவசங்கீர்த்தனத்துக்கு அல்ல, முறைப்பாட்டுக்கு. அவருடைய சம்மதத்தோடுதான் அதை இங்கே எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு மே மாதம், போரின் இறுதி நாட்களில், முள்ளிவாய்க்கால் பக்கத்தில் அவருடைய மகன் காணாமற்போனான். அன்று தொடக்கம் அந்தத் தாய் செய்யாத செபம் இல்லை. வருடந்தோறும் மடு யாத்திரை, செவ்வாய் தோறும் அந்தோனியார் நவநாள், வெள்ளி தோறும் ஒருசந்தி, இரவு தோறும் செபமாலை. பிள்ளை வரவில்லை. இருக்கிறான் என்ற செய்தியும் இல்லை. இல்லை என்ற செய்தியும் இல்லை.

"சுவாமி, நான் கேட்டது காணாதோ? மாதாவுக்குக் காது கேக்கேல்லையோ?" என்றார்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தவன் நான். பதில் நாவின் நுனியிலேயே இருந்தது. "அம்மா, நாங்கள் கேட்கிறதை ஆண்டவர் தராவிட்டால், அதைவிட நல்லதொன்றைத் தருவார்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "என்ர பிள்ளையை விட நல்லது என்ன சுவாமி இருக்கு?"

நான் வாயடைத்து நின்றேன். அந்தக் கேள்விக்குக் கடன்பட்டவனாகவே இன்று உங்களுக்கு எழுதுகிறேன், அன்பார்ந்த வாசகர்களே.

கேள்வியின் பாரம்

இது ஒரு தாயின் கேள்வி மட்டுமன்று. கேட்கவும் தேடவும் தட்டவும் நமக்குச் சொன்ன ஆண்டவர், அவற்றுள் எதுவும் வீண்போகாது என்றும் வாக்களித்தார். அந்த வாக்கை நம்பியே நாம் முழந்தாளிடுகிறோம். ஆனால் 1995ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி நவாலியில் நடந்தது என்ன? ஆலயம் காக்கும் என்று நம்பி இராயப்பர் சின்னப்பர் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்தன; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் மக்கள் பூசை கண்டுகொண்டிருந்த வேளையிலேயே மரணம் வந்தது. செபிக்காமல் இருந்ததால் வந்த அழிவல்ல அது. செபித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் வந்த அழிவு.

இதைக் கண்டுங் காணாதவர் போல் நாம் செபத்தின் மகிமையைப் பற்றிப் பிரசங்கித்தல் ஆகாது.

வழமையான பதில்கள்

இக்கேள்விக்கு நம்மிடையே உலவும் பதில்கள் சில உண்டு. முதலாவது, உனது விசுவாசம் போதாது என்பது. துக்க வீடுகளிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் இதை நம்மவர் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்! நோயாளிக்கு நோயோடு குற்றவுணர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்ததாக எண்ணி வீடு திரும்புகிறார்கள். யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. அவர்கள் கடவுளுக்காக வழக்காடினார்கள்; யோபுவோ கடவுளோடு வழக்காடினான். நூலின் முடிவில், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே என்று கடவுள் தீர்ப்பளிக்கிறார். தம்மைக் காப்பாற்றப் புறப்பட்ட நண்பர்களையோ கண்டிக்கிறார்.

மேலும், விசுவாசக் குறைவே காரணமென்றால் சின்னப்பரின் நிலை என்ன? தம் உடலில் தைத்த முள்ளை அகற்றுமாறு மும்முறை ஆண்டவரை மன்றாடியதாகக் கொரிந்தியருக்கு அவர் எழுதுகிறார். முள் அகலவில்லை. தமது அருளே அவருக்குப் போதும் என்பதே ஆண்டவர் அளித்த மறுமொழி. சின்னப்பருக்கு இல்லாத விசுவாசம் நம்மில் எவருக்கு இருக்கிறது?

இரண்டாவது பதில், நம் மன்றாட்டுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது. இது உண்மையே. கட்டுக்கரைக்குளத்துக் கமக்காரன் மழை கேட்கும் அதே நாளில் உப்பளத் தொழிலாளி வெயில் கேட்கிறான். ஒரு வேலைக்கு விண்ணப்பித்த இருபது பேரின் வீட்டிலும் மெழுகுதிரி எரிகிறது. எல்லா மன்றாட்டும் கேட்டபடியே கிடைத்தால் உலகம் ஒரு நாள்கூட நிலைக்காது. ஆனால் இப்பதில் சிறிய மன்றாட்டுகளுக்கே போதும். ஒரு பிள்ளை உயிரோடு வீடு திரும்புவதால் யாருடைய மழை தடைப்படும்? யாருடைய வெயில் மறையும்?

மூன்றாவது பதில், நான் அந்தத் தாய்க்குச் சொன்னது. கடவுள் அதைவிட நல்லதைத் தருவார் என்பது. இதற்குத் திருச்சபை வரலாற்றில் அழகான சான்று ஒன்று உண்டு. 383ஆம் ஆண்டில் அகுஸ்தீன் ஆபிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து உரோமைக்குக் கப்பலேற விரும்பினார். வழிதவறிப்போன மகன் தன் கண்ணுக்கெட்டாத தேசத்துக்குப் போய்விடக் கூடாதே என்று தாய் மோனிக்கம்மாள் துறைமுகத்தருகே ஒரு சிற்றாலயத்தில் இரவு முழுவதும் அழுது மன்றாடினார். மகன் தாயை ஏமாற்றிவிட்டு அன்றிரவே புறப்பட்டுப் போனார். தாயின் மன்றாட்டு கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பயணமே அகுஸ்தீனை மிலான் நகருக்கும் ஆயர் அம்புரோசியாரிடமும் கொண்டு சேர்த்தது. 387ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அன்றிரவு கேட்டதைக் கடவுள் மறுத்தது, அவள் எந்நாளும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே என்று பின்னாளில் அகுஸ்தீனார் தம் வாழ்க்கை நூலில் உணர்ந்து எழுதினார்.

அழகான சான்றுதான். ஆனால் மோனிக்கம்மாள் நான்கு வருடங்களில் விடையைக் கண்ணாரக் கண்டார். காணாமலே கண்மூடும் தாய்மார் எத்தனை பேர்? அதைவிட நல்லது வந்தது என்பதைச் சம்பந்தப்பட்டவரே பின்னோக்கிப் பார்த்து, நன்றியோடு சொல்லலாம். துயரத்தின் நடுவில் நிற்பவருக்கு வெளியே நிற்பவன் அதைச் சொல்லக் கூடாது. அங்கேதான் நான் தவறினேன்.

செபம் என்பது என்ன?

விடையைத் தேடுமுன் செபம் என்பது என்ன என்று நாம் சற்று ஆராய வேண்டும். நம்மில் பலருக்கு அது ஒரு கொடுக்கல் வாங்கல். "சோதனை பாஸானால் இத்தனை மெழுகுதிரி, விசா கிடைத்தால் மாதாவுக்கு ஒரு சங்கிலி." நேர்த்தி வைப்பதை நான் பழிக்கவில்லை. ஏழை மக்களின் பக்தியில் அன்பும் நன்றியும் கலந்திருப்பதை அறிவேன். ஆயினும் வியாபாரத்தில்தான் சரக்கு வராவிட்டால் கணக்கு முறிந்துபோகும். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையில் அப்படியொரு கணக்கு இல்லை.

கடவுளின் மனத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை, தமது பராமரிப்பில் செபத்தின் வழியாக நிறைவேற வேண்டுமென்று அவர் வகுத்திருப்பதைப் பெறவே செபிக்கிறோம் என்பது புனித தோமாஸ் அக்குயினாரின் போதனை. கமக்காரன் விதைப்பது கடவுளின் பராமரிப்புக்கு எதிரானதல்லவே, செபமும் அப்படித்தான்.

இன்னும் ஆழமான பதிலை ஓர் அகதிக்கு எழுதப்பட்ட கடிதத்தில் காண்கிறோம். 410ஆம் ஆண்டில் உரோமாபுரி சூறையாடப்பட்டபோது, புரோபா என்னும் கைம்பெண் தன் குடும்பத்தோடு ஆபிரிக்காவுக்குத் தப்பியோடினார். செல்வத்தில் திளைத்த குடும்பம். ஒரே நாளில் இடம்பெயர்ந்தோர் ஆகியது. எப்படிச் செபிப்பது என்று அவர் ஆயர் அகுஸ்தீனாரிடம் கேட்டார். மகனுக்காக அழுத ஒரு தாயின் பிள்ளையல்லவா அகுஸ்தீனார்? அவர் எழுதிய மறுமொழியின் சாரம் இதுவே: நமக்கு என்ன தேவை என்று நாம் சொல்லித்தான் கடவுள் அறிய வேண்டியதில்லை. ஆனால் கேட்கக் கேட்க நமது ஆவல் விரிகிறது. அவர் தர விரும்பும் கொடை மிகப் பெரிது. அதை ஏற்கும் நம் பாத்திரமோ மிகச் சிறிது. செபம் அந்தப் பாத்திரத்தை விரிக்கிறது.

அந்தப் பெரிய கொடை எது? லூக்காஸ் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மீனைக் கேட்கும் பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்காத தகப்பனைப் பற்றி யேசு அங்கே பேசுகிறார். அந்தப் போதனை எங்கே போய் முடிகிறது? கேட்பவருக்கு வானகத் தந்தை பரிசுத்த ஆவியை அருள்வார் என்பதில் முடிகிறது. காணி, உத்தியோகம், சுகம், வெற்றி என்ற வாக்கு அங்கே இல்லை. தந்தை தம்மையே தருவார் என்பதுதான் வாக்கு. சிறியவற்றைக் கேட்க வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அன்றாட உணவைக் கேட்கவும் கற்றுத்தந்தவர் அவரே. ஆனால் தவறாது தரப்படும் என்று அவர் உறுதி கூறியது ஒன்றையே.

கேட்கப்பட்டார், ஆனால் மரித்தார்

கெத்சமனித் தோட்டத்துக்கு வருவோம். செபம் கேட்கப்படாத மனிதர் வரிசையில் முதலிடத்தில் நிற்பவர் யேசுவே. கிண்ணம் தம்மை விட்டு அகலட்டும் என்று அவர் மன்றாடினார். ஒருமுறையல்ல, மும்முறை. விசுவாசக் குறைவா? பாவமா? தந்தையோடு நெருக்கமின்மையா? ஒன்றுமேயில்லை. கிண்ணம் அகலவில்லை. தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்து அவர் எழுந்தார், விடியுமுன் பிடிபட்டார், மாலைக்குள் மரித்தார்.

ஆனால் எபிரேயருக்கு எழுதிய நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு விந்தையான வசனம் உண்டு. சாவினின்று தம்மைக் காக்க வல்லவரை நோக்கி யேசு உரத்த குரலோடும் கண்ணீரோடும் மன்றாடினார் என்றும், அவருடைய மன்றாட்டு கேட்கப்பட்டது என்றும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. குருமடத்தில் இதை முதன்முதலாக வாசித்தபோது இதிலுள்ள முரண் எனக்குப் படவில்லை. அந்தத் தாயின் கேள்விக்குப் பின்னரே பட்டது. கேட்கப்பட்டது என்றால், ஏன் மரித்தார்?

நாம் கேட்டல் என்பதையும் கொடுத்தல் என்பதையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கேட்டது கிடைத்தால் கேட்கப்பட்டோம் என்கிறோம். கிடைக்காவிட்டால் கேட்கப்படவில்லை என்கிறோம். நிருப ஆசிரியர் அப்படி எண்ணவில்லை. தந்தை மகனின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். சாவிலிருந்து விலக்கி அவரைக் காக்கவில்லை. சாவுக்குள் செல்லவிட்டு, அதற்கு அப்பாலிருந்து அவரை எழுப்பினார். பெரிய வெள்ளியன்று நின்று பார்த்தவனுக்கு வானம் மௌனம். மூன்றாம் நாள் வரை எவருக்கும் அது மௌனமாகவே இருந்தது.

நம்மில் அநேகர் இன்னும் அந்த இடைநாளில், பெரிய சனியில், வாழ்கிறோம். கல்லறை மூடியிருக்கிறது, உயிர்ப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த நிலையில் அழுவது அவிசுவாசம் அல்ல. சங்கீதங்களில் பெரும்பகுதி முறைப்பாடுகளே. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை நீக்கிவிடாமல் இன்றும் தன் கட்டளைச் செபத்தில் ஓதுகிறது. மாதாவுக்குக் காது கேட்கவில்லையா என்று முற்றத்தில் நின்று கேட்ட அந்தக் கேள்வியும் செபமே. காது கேளாதவர் என்று உண்மையாகவே நம்புகிறவரிடம் எவரும் போய் முறையிடுவதில்லை.

நம்மிடம் கேட்கப்படும் செபம்

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பிள்ளைகளை மறைத்தவை மனிதக் கைகள். குண்டு போட்டவையும் மனிதக் கைகள். கடவுள் மனிதனைச் சுயாதீனனாகப் படைத்தார். அந்தச் சுயாதீனத்தால் விளைந்த கொடுமையைக் கடவுளின் சித்தம் என்று பெயரிட்டு மூடுவது தேவதூஷணம். அந்தத் தாய் முதலாவதாகக் கேட்பது தன் பிள்ளையை. அது இயலாதாயின், பிள்ளைக்கு நடந்த உண்மையை. அந்த உண்மையை அறிந்த மனிதர் எங்கோ இருக்கிறார்கள். அதைக் கேட்டுத் தாய்மார் 2017ஆம் ஆண்டு தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரங்களில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் விடை காணாமலே இறந்துவிட்டார்கள்.

இத்தகைய மன்றாட்டுகள் விண்ணகத்தில் கேட்கப்பட்டுவிட்டன. மண்ணகத்தில்தான் இன்னும் கேட்கப்படவில்லை. உடையும் உணவும் இல்லாத சகோதரனைச் சமாதானமாய்ப் போ என்று வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புவதை இயாகப்பர் தம் நிருபத்தில் கண்டிக்கிறார். துன்பப்படுவோரிடம் "உமக்காகச் செபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நம் வழியே போகும் ஒவ்வொருவருக்கும், குருக்களாகிய எங்களுக்கும், அந்தக் கண்டனம் பொருந்தும். அயலவனின் செபத்துக்கு விடையாகக் கடவுள் அனுப்ப நினைத்தவர் நாமாகவே இருக்கலாம். போகாமல் இருந்துவிட்டு, கடவுள் மௌனம் என்கிறோம்.

மகிழ்ச்சி எங்கே?

இப்படியிருக்க, கிறிஸ்தவ வாழ்வு மகிழ்ச்சியின் வாழ்வு என்று எந்த முகத்தோடு சொல்வது?

மகிழ்ச்சி என்பது கிடைத்த வரங்களின் கூட்டுத்தொகை என்றால், அதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் சின்னப்பரைப் பாருங்கள். பிலிப்பி நகரச் சிறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், அவரும் சீலாவும் நள்ளிரவில் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. வருடங்கள் சென்றபின், வேறொரு சிறையிலிருந்து, அதே பிலிப்பி மக்களுக்கு அவர் நிருபம் எழுதினார். அவருடைய நிருபங்களில் மகிழ்ச்சி என்ற சொல் இவ்வளவு அடர்த்தியாக வருவது வேறெதிலும் இல்லை. அதை எழுதும்போது பூமி அதிரவில்லை, கதவு திறக்கவில்லை, வாழ்வேனோ சாவேனோ என்று தெரியாத நிலை. ஈற்றில் உரோமாபுரியில் வாளுக்கு இரையானார் என்பது திருச்சபையின் பாரம்பரியம். கதவு திறந்த சிறையிலும் திறவாத சிறையிலும் அவருக்கிருந்த மகிழ்ச்சி ஒன்றே. ஆகவே அது கதவைச் சார்ந்ததல்ல; உள்ளே அவரோடு இருந்தவரைச் சார்ந்தது.

கல்கத்தா அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. பல பத்தாண்டுகளாக அவர் செபத்தில் எந்த ஆறுதலையும் உணரவில்லை. வெறுமையையும் இருளையுமே உணர்ந்தார். எனினும் அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. தெருவோரத்தில் கிடந்தவரைத் தூக்கிய கைகள் ஓயவில்லை. இதை வேஷம் என்றவர்களும் உண்டு. நான் அதை விசுவாசம் என்பேன். உணர்ச்சி வற்றியபின்னும் ஒருவரை விட்டுப் போகாதிருப்பதல்லவா அன்பு?

2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் போர் மடுவை நெருங்கியபோது, குருக்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். அவ்வாண்டு ஆவணியில்தான் அது திரும்பியது. மாதா போரை நிறுத்தவில்லையே என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. ஆனால் வயோதிபர் ஒருவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்துதானே இருந்தவ." நம் இறையியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். கடவுள் நம் துன்பத்துக்கு விளக்கம் தருவதற்கு முன்னரே, அத்துன்பத்துக்குள் நம்மோடு வந்துவிட்டார். அவர் வந்திருக்கிறார் என்று அறிவதே நம் மகிழ்ச்சியின் வேர். கண்ணீருக்குப் பக்கத்திலேயே அது முளைக்கும்.

மீண்டும் அந்தத் தாயிடம்

அடுத்த வருடம் அதே தாயை மடுவில் தேடிக் கண்டேன். "அம்மா, போன வருஷம் நான் சொன்னது பிழை. உங்கட பிள்ளையை விட நல்லது எனக்குத் தெரியாது. என்னை மன்னியுங்கோ" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நான் கேட்டேன்: "ஒண்டும் கிடைக்காமல் ஏனம்மா இன்னும் வாறீங்கள்?"

"வேற ஆரிட்டச் சுவாமி போறது?" என்றார். "இஞ்ச வந்து அழுதிட்டுப் போனா, வீட்டை போய் அடுப்பு மூட்டலாம். பேரப்பிள்ளையளோட சிரிக்கலாம். அழ ஒரு இடம் இல்லாட்டி, சிரிக்கவும் ஏலாது."

சீடர் பலர் விட்டுப் போனபோது, நீங்களும் போக விரும்புகிறீர்களா என்று யேசு பன்னிருவரைக் கேட்டார். இராயப்பர் சொன்ன மறுமொழியை அருளப்பரின் நற்செய்தியில் வாசித்துப் பாருங்கள். அந்தத் தாய் சொன்னதும் அதுவே. அவர் அதை வேதாகமத்தில் படித்துச் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் மன்றாட்டு இன்னும் நிறைவேறாதிருந்தால், செபத்தை நிறுத்தாதீர்கள். கோபமாயின் கோபத்தோடே செபியுங்கள். அயல் வீட்டில் ஒருவர் மன்றாட்டு நிறைவேறாமல் அழுதால், விளக்கம் கொண்டு போகாதீர்கள். ஒரு போத்தல் தேநீரோடு போய் அருகில் இருங்கள். உங்களால் தேடிக் கொடுக்கக்கூடிய உண்மை இருந்தால் தேடிக் கொடுங்கள். அந்தத் தாய் இந்த ஆவணியிலும் மடுவுக்கு வருவார். நானும் போவேன். இம்முறை பதில் எதுவும் கொண்டு போகமாட்டேன். அவர் பக்கத்தில் முழந்தாளிட்டு ஒரு செபமாலை சொல்லுவேன்.